அண்ணன் படிக்காத பாகம்

கலவையில் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் விடிவதற்குள் கம்பெனி வேன் ஏறி ராணிப்பேட்டை பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். நான் ஆற்காட்டைத் தாண்டியதே நாலு தடவைதான். எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன். பஜாரில் ஜாக்கெட் தைக்கும் கடையில் வேலை. அப்படிப்பட்டவள் மூன்று நாள் தனியாக ஊர் ஊராகச் சுற்றியதற்கு ஒரு கொலைதான் காரணம். புத்தகத்தில் நடந்த கொலை.

என் அண்ணன் பிரபு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தான். வேலைக்குப் போன வேன் மேல் லாரி மோதி மூன்று மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். அவனுக்குப் பழைய சரித்திரம் என்றால் உயிர். கோட்டை, ராஜா, கும்பினி துரை என்று எதைப் பார்த்தாலும் வாங்குவான். அதிலும் கொலை, மர்மம் கலந்த சரித்திர நாவல் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் எனக்குக் கதை சொல்வான். நான் துணி தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

கடைசியாகச் சொன்ன கதை வேலூர்க் கோட்டையில் நடப்பது. கும்பினிக்காரன் காலம். வெடிமருந்துக் கிடங்குக் காவலாளி கிடங்குக்குள்ளேயே செத்துக் கிடக்கிறான். கதவு வெளியே பூட்டியிருக்கிறது. இருப்பது ஒரே சாவி. கதவை உடைத்துப் போய்ப் பார்த்தால், அந்தச் சாவி செத்தவன் இடுப்பில் இருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "கொன்னது யாருன்னு யோசிச்சு வை. நான் சொல்றேன், துபாஷிதான். வேற எவனும் இல்ல" என்றான். துபாஷி என்றால் துரைக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்கிறவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரவில்லை.

போன வாரம் தினேஷ் அண்ணன் போன் செய்தார். அவர் அண்ணனோடு ஒரே ரூமில் இருந்தவர். "ரூம காலி பண்றோம்மா. பிரபு சாமான்லாம் இருக்குது. வந்து எடுத்துக்கோ." அப்பா போகமாட்டேன் என்றார். அம்மாவைக் கேட்கவே முடியாது. நான் கிளம்பினேன். சட்டையும் பெட்டியும் எனக்கு வேண்டாம். அந்தப் புத்தகம் வேண்டும். சாவி எப்படி உள்ளே போனது என்று தெரிய வேண்டும். அதைவிட, அண்ணன் சொன்னது சரியா என்று தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை. ஆற்காட்டில் பஸ் மாறினேன். "ஆம்பூர் போகுமா?" என்று கேட்டுத்தான் ஏறினேன். ஏ.சி. மாதிரி காற்று வந்தது, தூங்கிவிட்டேன். கண் விழித்தால் வாணியம்பாடி.

"ஆம்பூர்னு டிக்கெட் எடுத்தியே, எறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

"நீங்க கூப்பிடவே இல்லையே."

"ஊருக்குள்ள போவாதும்மா. பைபாஸ்லயே விசில் அடிச்சேன். விசிலுக்கு எறங்கணும். பேர் சொல்லிக் கூப்பிட இது இன்னா கல்யாண வீடா?"

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிடுவார், பையையும் எடுத்துக் கொடுப்பார். சொன்னால் சண்டையாகும் என்று இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன்.

ஆம்பூரில் மூக்குக்கு இரண்டு வேலை. ஒரு பக்கம் தோல் வாசனை, மறுபக்கம் பிரியாணி வாசனை. எது முதலில் வரும் என்பது காற்றைப் பொறுத்தது. தினேஷ் அண்ணன் ரூமுக்குக் கூட்டிப் போவதற்கு முன் ஓட்டலுக்குத்தான் கூட்டிப் போனார். "சாப்பிடாம சாமான் எடுத்தா பிரபு என்னைத் திட்டுவான்" என்றார். சின்ன அரிசி, பெரிய கறித்துண்டு, பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய். பிரியாணிக்குக் கத்தரிக்காயா என்று அண்ணனைக் கிண்டல் செய்திருக்கிறேன். அது இல்லாமல் இறங்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டைக் காலி செய்தேன். வெட்கமாக இருந்தது. மூன்று மாதத்தில் ருசித்துச் சாப்பிட்டது அதுதான்.

ரூமில் ஒரு பெட்டி, ஐந்து சட்டை, ஒரு கட்டு சரித்திரப் புத்தகம். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தான். 'பொய்', 'இருக்கலாம்', 'போய்ப் பார்க்கணும்'. நாவலைத் தேடினேன். இல்லை.

"நாவல் இதுதாம்மா" என்று இரண்டு மெல்லிய கட்டுகளை நீட்டினார் தினேஷ் அண்ணன்.

அண்ணன் புத்தகத்தைக் கூறு போட்டிருந்தான். அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்துப் பிரித்து, ஷூவின் மேல்தோல் தைக்கும் மிஷினிலேயே தைத்து, உள்தோல் வெட்டுத்துண்டில் அட்டை போட்டிருந்தான். தையல் அவ்வளவு நேர்த்தி. நான் தைக்கிறவள், சொல்கிறேன், ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. அட்டையில் ஒன்று, இரண்டு என்று எழுதவில்லை. ஷூவில் ஒட்டுகிற சைஸ் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றில் 39, இன்னொன்றில் 40.

"லைன்ல ஏழு எட்டு பேரு படிப்பாங்கம்மா. ஒரே புக்க எத்தினி நாள் காத்திருக்கறது? அதான் பிரிச்சிட்டான். ஆனா ரூல்ஸ் ஜாஸ்தி. எல்லாரும் 39 முடிச்சாத்தான் 40 வெளிய வரும். புக்கு சொந்தக்காரன் கடைசியாத்தான் படிக்கணும். இல்லன்னா வாய அடக்க முடியாம முடிவைச் சொல்லிடுவான்னு அவனே வெச்ச ரூலு."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு செல்போன் பாக்கவே டைம் இல்ல. 41 ஜெயந்திகிட்ட இருக்குது. லேடீஸ் லைன்ல இருந்துச்சே, கல்யாணம் ஆயி குடியாத்தம் போயிடுச்சு. போறப்ப முதல் ஆளா வாங்கிட்டுப் போச்சு. பிரபு அத படிக்கவே இல்ல."

புதுப் புத்தகம் வாங்கிவிடலாமே என்று கேட்டேன். தினேஷ் அண்ணன் சிரித்தார். பழைய பேப்பர் கடையில் அண்ணன் எடுத்தபோதே அட்டையும் முதல் பத்துப் பக்கமும் கிடையாதாம். கதைக்கு என்ன பேர், யார் எழுதியது, யாருக்கும் தெரியாது.

அன்று ஆம்பூரில் பெரியம்மா மகள் வீட்டில் தங்கினேன். அம்மா போனில், "போனவன் புக்க தேடி இன்னா பண்ணப் போற, வந்துடுடி" என்றாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை குடியாத்தம் பஸ்ஸில் 39ஐப் பிரித்தேன். எழுத்துக்குக் கீழே விரல் வைத்தால்தான் எனக்கு ஓடும். கதை தெரிந்ததால் கொஞ்சம் வேகமாக வந்தது. படிக்கப் படிக்க ஒன்று இடித்தது. புத்தகத்தில் யாரும் சாப்பிடவே இல்லை. அண்ணன் சொன்ன கதையில் துபாஷி களி தின்று கை கழுவுவான். அகழியில் படகு விடுகிறவன் மீன் குழம்புக்குப் புளி போதவில்லை என்று பெண்டாட்டியிடம் சண்டை போடுவான். வைத்தியர் மட்டும் நெய்ச்சோறு. அத்தனையும் அண்ணன் எனக்காகச் சேர்த்தது. புத்தகத்தை மூடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதனூர் தாண்டிப் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்னால் குனிந்தார், கண்டக்டர் பின்னால் குனிந்தார். எல்லாரும் புளியமரத்தடியில் நின்றோம். நான் 40ஐ எடுத்தேன். முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பரீச்சையாம்மா?"

"இல்லம்மா. கொலை."

"அய்யய்யோ, எங்க?"

"வேலூர் கோட்டையில."

"நேத்துகூட என் மருமக அங்க போய் வந்தா, ஒண்ணும் சொல்லலியே!"

அது கும்பினிக்காரன் காலத்தில் என்று சொன்னேன். "அப்ப கொன்னவனும் செத்திருப்பான். நீ எதுக்கு வெயில்ல நின்னு தேடுற?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

ஜெயந்தி அக்கா வீடு இருக்கும் தெருவில் எல்லா வீட்டிலும் விசைத்தறி. தரையே அதிர்கிறது. அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுகிறார்கள், தறியை நிறுத்தின பிறகும் கத்துகிறார்கள். என்னைப் பார்த்ததும் அக்கா கட்டிக்கொண்டார். அழவில்லை, நானும் அழவில்லை. லுங்கி மடித்து அடுக்கியிருந்த இடத்தை ஒதுக்கி உட்காரவைத்து, உள்ளே போய் 41ஐ எடுத்து வந்தார்.

"மலரு, கேளு! உங்க அண்ணன் சொன்ன மாதிரியே துபாஷிதான்! புடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க! நான் முடிச்சிட்டேன், அவன்கிட்டச் சொல்லணும்னு நெனச்சிட்டே இருந்தேன், அதுக்குள்ள..."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அண்ணன் ஜெயித்துவிட்டான். அவ்வளவுதான், இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனாலும் நானே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி விரல் வைத்தேன். பொழுது சாயும்போது முடிந்தது. துபாஷியைக் கையைக் கட்டி இழுத்துப் போகிறார்கள், உண்மைதான். ஆனால் சாவி எப்படி உள்ளே போனது என்று எங்கேயும் இல்லை.

"அக்கா, சாவிய பத்தி ஒண்ணுமே வரல."

"எழுதுனவன் மறந்திருப்பான்."

"இன்னொரு பாகம் இருக்குமோ?"

"எப்படி இருக்கும்? 41தான் கடைசி. அதுக்கு மேல சைஸே கிடையாதே! ஆறு வருஷம் அந்த லைன்ல இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? 36ல தொடங்கும், 41ல முடியும். பெட்டி கட்டி அனுப்பிடுவோம்."

நான் அக்காவையே பார்த்தேன். அண்ணன் செருப்பு எங்கள் வீட்டு வாசலில் இன்னும் இருக்கிறது. அம்மா எடுக்க விடவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

"அக்கா, எங்க அண்ணன் காலே நாப்பத்திமூணு."

தறி நின்றிருந்தது. அக்கா கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவன் ஜென்ட்ஸ் லைனு! அவங்களுக்கு 39லதானே ஆரம்பம்! அட கூறுகெட்டவளே, துபாஷின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே!"

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. அண்ணன் காரியத்தன்று மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, பேர் சாதிக் பாய். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும் வழியில் அண்ணன் அவர் வீட்டில் இறங்கி டீ குடித்துவிட்டுத்தான் வருவான். போகும்போது அவர் என்னிடம், "பிரபு பொருள் ஒண்ணு என்கிட்ட இருக்குது தங்கச்சி, வந்து வாங்கிக்கோ" என்றார். சட்டையோ டிபன் கேரியரோ என்று நினைத்து விட்டுவிட்டேன். அண்ணன் போன் இப்போது என்னிடம்தான், அதில் நம்பர் இருந்தது. அடித்தேன். "ஆமாம்மா, தோல் அட்டை போட்டது. நம்பரா? இரு... நாப்பத்திரெண்டு" என்றார்.

ஜெயந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "போவாத மலரு. துபாஷின்னே இருக்கட்டுமே. அவன் சொன்னது சரின்னே இருக்கட்டும். அதுல இன்னா இருக்குதோ."

அந்த வார்த்தை என்னைப் பிடித்து உலுக்கியது. உண்மையில் எனக்கும் அதே பயம்தான். அவன் பாவம், பதில் சொல்ல இப்போது ஆளே இல்லை, அவனைப் போய்த் தோற்கடிக்க வேண்டுமா? ஆனால் 'பொய்', 'போய்ப் பார்க்கணும்' என்று ஓரமெல்லாம் எழுதி வைத்தவன் அவன். தெரிந்தும் பாதியில் விட்டால் அவனே என்னைத் திட்டுவான்.

"போறேன்க்கா" என்றேன்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வேலூரில் பஸ் மாறும்போது கோட்டைக்குள் போனேன். கதை நடந்த இடத்தைப் பார்க்காமல் முடிவைப் படிப்பது சரியாகப் படவில்லை. புத்தகத்தில் அகழி நிறைய முதலை. நான் பார்த்தது பிளாஸ்டிக் பாட்டில். சுவர் மட்டும் புத்தகத்தில் இருப்பதைவிடப் பெரிது. நடந்தால் முடிகிற மாதிரித் தெரியவில்லை. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் மருந்துக் கிடங்கு எங்கே என்று கேட்டேன். "இன்னா மருந்துமா, இருமலுக்கா? வெளிய போய் ரைட்ல மெடிக்கல்" என்றார். வெடிமருந்து என்றதும் என் பையையே ஒரு மாதிரி பார்த்தார். வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

மேல்விஷாரத்தில் சாதிக் பாய் தெருமுனையில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோலைச் சாயத்தில் உருட்டுகிற டிரம்மில் வேலை, நகமெல்லாம் நீலம். அவர் மனைவி ரேஷ்மா அக்காவுக்குத் தமிழ் பேச வராது, சொன்னால் பாதி புரியும். என்னை உட்காரவைத்து, கேட்காமலே தால்சா ஊற்றிச் சோறு போட்டார். உருதுவில் ஏதோ சொன்னார். "உங்க அண்ணன் மாதிரியே மூக்காம். ஆனா நீ சாப்பிடறது கம்மியாம்" என்றார் பாய்.

சாப்பிட்டதும் 42ஐக் கொண்டுவந்து கொடுத்தார். மற்றதைவிட மெலிசு. தையலில் தூசுகூட இல்லை, ஒருவரும் விரித்ததே இல்லை என்று தெரிந்தது.

"நீங்க படிக்கலையா பாய்?"

"எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் படிச்சது உருது. அதனாலதான் பிரபு இத என்கிட்ட வெச்சான். 'ஆம்பூர்ல எவன்கிட்ட வெச்சாலும் பிரிச்சிப் பாத்துடுவான் பாய், நான் வெச்சிருந்தா நானே பாத்துடுவேன். உங்க வீடுதான் பூட்டு'ன்னு சொன்னான்."

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் இங்கே கதை சொல்வானாம். பாய் அதை ரேஷ்மா அக்காவுக்கு உருதுவில் மாற்றிச் சொல்வாராம். பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வருவானாம். எனக்குக் கதை இரண்டாவது கையாகத்தான் கிடைத்திருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"மூணு பேரும் பந்தயம் கட்டியிருக்கோம். அவன் துபாஷி. நான் படகுக்காரன். துபாஷிய மட்டும் விட்டுடுடான்னேன். நானும் பொழுதன்னிக்கும் ரெண்டு பாஷைக்கு நடுவுல மாட்டிட்டு முழிக்கறவன்தானே. இவ வைத்தியர்ங்கறா. தோத்தவங்க ஜெயிச்சவங்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கித் தரணும்."

"படிக்கட்டுமா?" என்றேன்.

எட்டாவது விட்ட பிறகு நான் யார் முன்னாலும் சத்தமாகப் படித்ததில்லை. எழுத்துக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டேன். நான் ஒரு வரி படிப்பேன், பாய் அதை உருதுவில் சொல்வார், ரேஷ்மா அக்கா தலையாட்டுவார், பிறகு அடுத்த வரி. 'வாக்குமூலம்' என்ற இடத்தில் மூன்று தடவை தடுக்கினேன்.

"நிதானமா படிம்மா. கொலைகாரன் எங்க ஓடிடப் போறான்."

நடுவில் ஒரு இடத்தில், துபாஷி ஜெயிலில் பட்டினி கிடந்தான் என்று மட்டும் இருந்தது. நானாக, "காவக்காரன் அவனுக்கு ரெண்டு உருண்ட களி கொண்டாந்து வெச்சான்" என்று சேர்த்துப் படித்தேன். பாய் நிமிர்ந்து பார்த்தார். அதையும் உருதுவில் சொன்னார்.

கடைசிக்கு நாலு பக்கம் முன்னால் அது வந்தது. கதவை உடைத்ததும் முதலில் உள்ளே ஓடியவர் வைத்தியர். உயிர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற மாதிரி, கொன்றுவிட்டு வெளியே பூட்டித் தன்னிடமே வைத்திருந்த சாவியைச் செத்தவன் இடுப்பில் செருகியவரும் அவர்தான். துபாஷி ஒன்றும் அறியாதவன்.

பாய் மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் ரேஷ்மா அக்கா தொடையில் தட்டிக் கத்தினார். பாய் சிரித்துக்கொண்டே, "'பொணத்த முதல்ல தொட்டவன் யாருன்னு நான் அன்னைக்கே கேட்டேனே, ரெண்டு ஆம்பளைங்களும் கேட்டீங்களா'ங்கறா" என்றார். அதற்குள் அக்காவுக்கு என் முகம் கண்ணில் பட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மீதி நாலு பக்கத்தையும் அப்படியே படித்து முடித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. முடித்து, அட்டையை மூடி, "எங்க அண்ணன் தோத்துட்டான்" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு எழுந்து செருப்பைப் போட்டேன்.

"எங்கம்மா?"

"ஆற்காடு. மக்கன் பேடா வாங்க."

"பைத்தியமா நீ? நானும்தான் தோத்தேன். ரெண்டு பேருக்கும் சேத்து நான் வாங்கித் தர்றேன், உக்காரு."

"உங்களுது நீங்க வாங்குங்க பாய். எங்க அண்ணனுது நான்தான் வாங்கணும்."

ஆற்காடு நாலு மைல்கூட இல்லை. ஷேர் ஆட்டோவில் போனேன். கடையில் கூட்டம், முண்டியடித்து வாங்கினேன். கலவை பஸ் பக்கத்திலேயே நின்றது, ஏறவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு திரும்பி மேல்விஷாரம் வந்தேன். வரும் வழியில் ஆட்டோவில் நன்றாக அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

ரேஷ்மா அக்கா பெட்டியை வாங்க மாட்டேன் என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டு மென்று, என்னைப் பார்த்துக்கொண்டே உருதுவில் ஏதோ சொன்னார். பாய் மாற்றிச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா பாய் சொல்றாங்க?"

"வேணாம்மா."

"சொல்லுங்க பாய்."

"பேடா சுமாராம். பெரிசா சரித்திரம் படிச்சவன்னு சொன்னாங்க, சாவிய கோட்ட வுட்டுட்டானாம். அவன் மறுபடி பந்தயம் கட்டினா இவளைக் கேட்டுட்டுக் கட்டணுமாம்."

அண்ணன் போன நாளிலிருந்து எல்லாரும் அவனைத் தங்கம் என்றார்கள், தெய்வம் என்றார்கள். ஒருத்தர்கூட அவனைக் கிண்டல் செய்யவில்லை. நான் அக்காவைப் பார்த்து, "அவன் கேக்கமாட்டான்க்கா, வாயாடி" என்றேன். பாய் அதை உருதுவில் சொன்னார்.